பாங்காக்கில் ஒரு தமிழ் மேசை

"பாங்காக்குக்கா? எதுக்குத்தா, துணி எடுக்கவா?"

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் தெருவுக்குள் வந்துபோன நாளிலிருந்து, அனுமந்தன்பட்டியில் என்னைப் பார்த்து இப்படிக் கேட்காதவர்கள் குறைவு. "கம்ப்யூட்டர் கூட்டம் ஒண்ணு நடக்குது, அதுக்குப் போறேன்" என்பேன். "அதுக்கெல்லாம் ஆம்பளைகதான போவாக?" என்று அடுத்த கேள்வி வரும்.

சகோதரிகளே, இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நான் என்ஜினீயர் அல்ல. பி.காம். படித்துவிட்டு, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, கிடைத்த நேரத்தில் 'வேர்ட்பிரஸ்' என்ற இலவச மென்பொருளைக் கற்றுக்கொண்டு, கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுக்கிறேன். அந்த வேர்ட்பிரஸ் ஆர்வலர்கள் பல நாடுகளிலிருந்தும் கூடும் ஆசியக் கூட்டம் 2023 பிப்ரவரி 17 முதல் 19 வரை பாங்காக்கில் நடந்தது. அதற்குத்தான் போனேன்.

மொய் நோட்டு போல ஒரு மென்பொருள்

வேர்ட்பிரஸ் என்பது இணையதளம் கட்ட உதவும் மென்பொருள். உலகத்தில் உள்ள இணையதளங்களில் பத்துக்கு நான்கு இதில்தான் இயங்குகின்றன. காசு கிடையாது. அதைவிடப் பெரிய விஷயம், அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இதைத்தான் திறமூல மென்பொருள் என்கிறார்கள்.

அதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். 'பி2' என்றொரு மென்பொருள் இருந்தது. அதை எழுதியவர் ஒரு கட்டத்தில் தொடரவில்லை. வேறு மென்பொருளாக இருந்திருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் அது திறந்து கிடந்ததால், அமெரிக்காவில் 19 வயதுப் பையனாக இருந்த மாட் முல்லன்வெக்கும், இங்கிலாந்தில் இருந்த மைக் லிட்டிலும் அதை எடுத்து வளர்த்தார்கள். 2003 மே 27-ஆம் தேதி வேர்ட்பிரஸ் பிறந்தது. ஒருவர் விட்ட ஏரைப் பிடிக்க இன்னொருவருக்கு வழி இருந்தது, அவ்வளவுதான்.

அத்தைக்கு (மாமியாருக்கு) இதைப் புரிய வைக்க நான் மொய்யைத்தான் உதாரணம் சொன்னேன். நம் கம்பம் பள்ளத்தாக்கில் மொய் நோட்டு இல்லாத வீடு உண்டா? ஒரு வீட்டு விசேஷத்தை ஊரே சேர்ந்து தாங்குகிறது. இதுவும் அப்படித்தான். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் உழைப்பை வைக்கிறார்கள். யார் என்ன செய்தார்கள் என்று பெயரும் எழுதப்படுகிறது. ஒவ்வொரு புதிய பதிப்பிலும் பங்களித்தவர்களின் பட்டியல் இருக்கிறது. ஒரே வித்தியாசம், இங்கே திருப்பிச் செய்யச் சொல்லி யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள்.

"அப்ப நீ மொய் செய்யத்தான் போறியா?" என்றார் அத்தை.

"ஆமா அத்தை. இத்தனை வருஷம் நாம சாப்பிட்டுட்டோம்ல."

"அப்பச் சரி. பிள்ளைய நான் பாத்துக்கிறேன். நீ போயிட்டு வா தாயி."

நான்கு வயது மகளை ஆறு நாள் விட்டுவிட்டுப் போவது லேசான காரியமா? கிளம்பும் வரை வயிற்றில் ஒரு கலக்கம் இருந்துகொண்டேதான் இருந்தது. என் வீட்டுக்காரர்தான், "நான் வெளியூர் போனா நீ பாத்துக்கிறதில்லையா? இப்ப நான் பாத்துக்கிறேன்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். செலவு என் சம்பாத்தியத்தில் இரண்டு வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்தது.

கூட்டம் எப்படி நடக்கிறது?

இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு 'வேர்ட்கேம்ப்' என்று பெயர். முதல் வேர்ட்கேம்ப் 2006-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. இந்தியாவில் 2009-இல் டில்லியில் தொடங்கி, அகமதாபாத், கொல்கத்தா, கொச்சி என்று பல நகரங்களில் நடந்திருக்கின்றன. ஆசியா முழுமைக்குமான முதல் கூட்டத்தை 2020 பிப்ரவரியில் பாங்காக்கில் நடத்துவதாக இருந்தார்கள். கொரோனாவால் அது ரத்தானது. மூன்று வருஷம் காத்திருந்து 2023-இல்தான் நடத்த முடிந்தது. பிறகு 2024-இல் தைபேயிலும் 2025-இல் மணிலாவிலும் நடந்தது. அடுத்தது நம் மும்பையில் என்று மணிலாவிலேயே அறிவித்தார்கள்.

வேர்ட்பிரஸ் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 'ட்ரூபல்' என்ற மென்பொருள்காரர்கள் 2016-இல் மும்பை ஐ.ஐ.டி.யில் கூடினார்கள். விக்கிப்பீடியாக்காரர்களின் 'விக்கிமேனியா' 2023-இல் சிங்கப்பூரில் நடந்தது. நம் தமிழ் விக்கிப்பீடியாவும் வேர்ட்பிரஸ் பிறந்த அதே 2003-இல் தொடங்கியதுதான்.

பாங்காக்கில் சாவ் பிரயா ஆற்றங்கரையில் 'ஐகான்சயாம்' என்ற பிரம்மாண்டமான கடைவளாகம் இருக்கிறது. அதற்குள் இருந்த மண்டபத்தில்தான் கூட்டம். சாத்தோன் படகுத்துறையிலிருந்து இலவசப் படகு விட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள். சொற்பொழிவு செய்பவர்களுக்கோ, தொண்டு செய்பவர்களுக்கோ சம்பளம் கிடையாது. மூன்று நாளில் முதல் நாள், 'பங்களிப்பு நாள்'. அன்றைக்கு மேடைப் பேச்சு இல்லை. நிரல் எழுத ஒரு மேசை, விளக்கக் குறிப்பு எழுத ஒரு மேசை, புகைப்படத்துக்கு ஒரு மேசை, மொழிபெயர்ப்புக்கு ஒரு மேசை என்று பிரித்து எல்லோரும் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். நம் பக்கத்தில் நடவுக்கு இறங்கினால் ஆளாளுக்கு ஒரு நிரை பிடிப்போமே, அது மாதிரி.

வெளியேறு என்பதா, போய் வருகிறேன் என்பதா?

நான் மொழிபெயர்ப்பு மேசைக்குப் போனேன். அங்கே தமிழ் பேசுகிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஓரத்தைப் பிடித்தோம். யாழ்ப்பாணத்துத் தங்கை ஒருத்தி, பினாங்கிலிருந்து வந்த அக்கா ஒருவர், சென்னைப் பையன்கள் இரண்டு பேர்.

வேர்ட்பிரஸ் திரையில் வருகிற ஒவ்வொரு சொல்லையும் 200-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கும் மொழி வழக்குகளுக்கும் இப்படித்தான் யாரோ ஒருவர் உட்கார்ந்து மாற்றுகிறார். இலவசமாகப் பெயரைப் பதிந்துகொண்டு யார் வேண்டுமானாலும் ஒரு வரியை மொழிபெயர்த்து அனுப்பலாம். அந்த மொழிக்குப் பொறுப்பான ஆசிரியர் பார்த்து ஒப்புதல் தருவார். வேலை கேட்பதற்கு எளிதுதான். உட்கார்ந்தால் தெரியும். ஆங்கிலத்தில் எண் முன்னால் வந்து நிற்கும், வினை நடுவில் வரும். தமிழில் வாக்கியத்தையே திருப்பிக் கட்ட வேண்டும்.

ஒரு சொல்லுக்கு அரை மணி நேரம் வாதம் நடந்தது. கணக்கை மூடி வெளியே வருவதற்கான பொத்தானில் 'வெளியேறு' என்று போடலாமா? எனக்கு மனசு ஒப்பவில்லை. "எங்க ஊர்ல 'போறேன்'னுகூட யாரும் சொல்ல மாட்டாக. 'போயிட்டு வாறேன்'னுதான் சொல்லுவாக. 'வெளியேறு'ன்னா வீட்டை விட்டு விரட்டுற மாதிரி இருக்கே!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். யாழ்ப்பாணத் தங்கை, "நீங்கள் சொல்லுறது சரிதான் அக்கா. ஆனா அது பொத்தானுக்குள்ள கொள்ளாதே!" என்றாள். பொத்தானுக்குச் சின்னச் சொல்தான் வேண்டும் என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் பிழைச் செய்திகளை அதட்டலாக எழுதாமல், 'மீண்டும் முயன்று பாருங்கள்' என்று மரியாதையாக எழுத வேண்டும் என்று நான் சொன்னதை மேசை முழுவதும் ஏற்றுக்கொண்டது.

அங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. திரையில் வருகிற தமிழ் வானத்திலிருந்து விழுவதில்லை. யார் வந்து உட்காருகிறார்களோ அவர்களுடைய தமிழ்தான் அதில் ஏறும். கடை நடத்துகிற பெண்ணும், பிள்ளை வளர்க்கிற பெண்ணும் வந்து உட்காராவிட்டால், நம் பேச்சு அதில் இருக்காது. பிறகு, 'இந்தத் தமிழ் எனக்குப் புரியலையே' என்று நாமே மகனைக் கூப்பிட்டுப் பட்டனை அமுக்கச் சொல்வோம்.

பெண்கள் செய்து காட்டியது

வேர்ட்பிரஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஓர் இசைக் கலைஞரின் பெயர் வைப்பது வழக்கம். 2020 டிசம்பர் 8-இல் வந்த 5.6-ஆம் பதிப்புக்கு நினா சிமோன் என்ற பாடகியின் பெயர். அந்தப் பதிப்பை வெளியிட்ட குழுவில் பெண்களும், ஆண் பெண் என்ற இரண்டிலும் தம்மை அடைக்காதவர்களும் மட்டுமே இருந்தார்கள்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிம் பார்செல் என்ற அமெரிக்கப் பெண்மணி, விளக்கக் குறிப்புகள் எழுதும் குழுவில் உழைத்தவர். எல்லோரும் பாசமாக அவரை 'வேர்ட்பிரஸ் அம்மா' என்று அழைத்தார்கள். அவர் மறைந்த பிறகு, 2015 முதல் அவர் பெயரில் ஓர் உதவித்தொகை ஏற்படுத்தினார்கள். பங்களிப்புச் செய்யும் ஒரு பெண் அமெரிக்கக் கூட்டத்துக்கு வர டிக்கெட், பயணம், தங்கும் செலவை அது ஏற்கிறது. விக்கிமேனியாவுக்கும் இப்படிப் பயண உதவித்தொகை உண்டு.

உடம்பையும் கவனியுங்கள்

வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கும் தாய்மார்களுக்குக் கழுத்து வலியும் கண் எரிச்சலும் கூடப்பிறந்தவை போல. கட்டிலில் சாய்ந்துகொண்டு மடியில் வைத்துத் தட்டாதீர்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். பாதம் தரையில் படட்டும். 20 நிமிஷத்துக்கு ஒரு தரம், 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள்.

கூட்டத்தில் நாள் முழுவதும் நிற்பதும் நடப்பதுமாக இருக்கும். பழகிய செருப்பே நல்லது. சென்னையிலிருந்து பாங்காக்குக்கு விமானம் மூன்றரை மணி நேரம். உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றிக்கொண்டிருங்கள், தண்ணீர் குடியுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே எழுதிவிடுவது நல்லது. தாய்லாந்தில் காய்கறிக் கறியிலும் மீன் சாறு ஊற்றுவார்கள்.

ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால்தான் முழு உணவு. அப்படிப்பட்டவர்கள் குழந்தையை விட்டு வெளிநாடு போவதைத் தள்ளிப் போடலாம். உள்ளூர்க் கூட்டத்துக்குப் போகும் பாலூட்டும் தாய், மூன்று மணிக்கு ஒரு தரம் பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டும், இல்லையென்றால் மார்பு கட்டிக்கொள்ளும். பீய்ச்சிய பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலுக்கு அதை நம்பாமல் குளிர்பெட்டியில் வையுங்கள். ஐரோப்பா, அமெரிக்கப் பெரிய கூட்டங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும்போதே இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

நீங்களும் போகலாம்

முதலில் வெளிநாடு வேண்டாம். வீட்டிலிருந்தபடியே தினம் பத்து வரி மொழிபெயர்த்துப் பழகுங்கள். பிறகு பக்கத்து நகரத்துக் கூட்டம் ஒன்றுக்குப் போய் வாருங்கள். தொண்டராகப் பெயர் கொடுத்தால் டிக்கெட் இலவசம், தனியாக நிற்கிற கூச்சமும் போய்விடும். எல்லா வேர்ட்கேம்ப்புக்கும் நடத்தை விதி உண்டு. யாராவது தொந்தரவு கொடுத்தால் அமைப்பாளர்களிடம் உடனே சொல்லலாம். வெளிநாடு என்றால், விசா விதிகள் அடிக்கடி மாறும். டிக்கெட் போடும் முன் தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறீர்களா? பினாங்கு அக்கா மூலமாக இரண்டு இணையதள வேலை வந்தது. போக வர ஆன செலவில் பாதி அதிலேயே வந்துவிட்டது. ஆனால் நான் பெரிதாக நினைப்பது வேறு. எங்கள் தெரு மகளிர் குழு உலர்ந்த திராட்சையும் வடகமும் விற்க ஒரு தளம் வைத்திருக்கிறது. அதன் திரை முழுவதையும் தமிழாக்கினேன். ஐம்பத்தெட்டு வயதுக் குழுத் தலைவி இப்போது எந்த ஆர்டருக்கு எத்தனை கிலோ என்று தானே பார்த்து, தானே பதில் போடுகிறார். மகன் வேலையிலிருந்து வரட்டும் என்று இப்போதெல்லாம் அவர் காத்திருப்பதில்லை.