லாரியின் சூடும் சங்கத்தின் பணமும்

அருப்புக்கோட்டை வட்டாரத்துச் சங்கமொன்றின் கணக்கைப் பரிசீலித்தபோது, வவுச்சர்களிடையே ஒரு செலவு நம் கண்ணில் பட்டது. பருத்தி மூட்டையும் நூல் சிப்பமும் ஏற்றும் பழைய டீசல் லாரிக்கு இஞ்சின் ஆயில் மாதத்துக்கு மாதம் கூடுதலாக வாங்கியிருந்தார்கள். லாரியைப் பார்த்தோம், ஒழுகல் எங்கும் இல்லை.

டிரைவர் எதையும் மறைக்கவில்லை. "மூணு வருசம் முன்னே ரேடியேட்டர் கொதிச்சுதுய்யா. மெக்கானிக் தெர்மாஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுட்டாரு. நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கய்யா?" என்றார். காரியதரிசியோ, 71 டிகிரியில் திறக்கும் தெர்மாஸ்டாட்டை வாங்கி மாட்டலாமா என்று கேட்டார்.

இரண்டும் தவறான வழி என்பதை அங்கத்தினர்கள் அறிவது நலம், செலவு அவர்களுடையதன்றோ?

தெர்மாஸ்டாட் என்பது, இஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்கு நீர் செல்லும் வாயிலில் உள்ள சிறு கதவு. அதனுள் இருக்கும் மெழுகு உருகி விரியக் கதவு திறக்கும். 82 டிகிரி செல்சியஸ் என முத்திரையிட்டது அச்சூட்டில் திறக்கத் தொடங்கி, ஏறக்குறைய பத்து டிகிரி கூடியதும் முழுதும் திறந்துவிடும். பிறகு அதற்கு வேலையில்லை. சித்திரை நண்பகலில் பாரத்துடன் ஏறும் லாரியில் 71-ம் 82-ம் ஒன்றுபோல் அகலத் திறந்தே நிற்கும். இஞ்சின் எவ்வளவு குறைந்த சூட்டில் ஓடலாம் என்பதைத்தான் தெர்மாஸ்டாட் நிர்ணயிக்கிறது. மேல் எல்லை ரேடியேட்டரின் கையில்.

அதைக் கழற்றினால் நேரும் கேடு வேறு. பல இஞ்சின்களில் கதவு திறக்கும்போதே குறுக்குவழிக் குழாயை அது அடைக்கும். கதவே இல்லையெனில் சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டாமலே திரும்பிவிடும். கொதிப்புக்குச் செய்த வைத்தியம் கொதிப்பையே வளர்க்கலாம்.

மார்கழி விடியலில் திருச்சுழிக்குப் போகும் குறுகிய பயணத்திலோ இஞ்சின் சூடேறுவதே இல்லை. குளிர்ந்த சிலிண்டர்ச் சுவரில் எரிபுகையின் ஈரம் படிந்து, டீசலின் கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி இரும்பை அரிக்கும். குளிர்ந்து ஓடும் இஞ்சினில் சிலிண்டர் விரைந்து தேய்வதை 1930-களிலேயே பிரிட்டனில் ஆராய்ந்து கண்டார்கள். தேய்ந்த சிலிண்டர் ஆயிலைக் குடிக்கும். சங்கத்து ஆயில் போன வழி அதுவே.

71 டிகிரிக்கும் ஒரு காரணம் இருந்தது. குளிர் நாடுகளில் முன்னாளில் நீர் உறையாதிருக்க ஆல்கஹால் கலந்தார்கள். அது 78 டிகிரியிலேயே கொதிப்பதால் தாழ்ந்த சூடு வேண்டியிருந்தது. அருப்புக்கோட்டையில் நீர் உறைவதாக யாரும் புகார் செய்ததில்லை.

அப்படியானால் லாரி ஏன் கொதித்தது? ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்ததில், குழாய்கள் வெள்ளைப் படிவால் பாதி அடைபட்டிருந்தன. நம் கரிசல் கிணற்று நீர் எத்தகையது என்பதை அடுப்படிப் பாத்திரங்களே சொல்லும். மூடியின் ரப்பர் வளையமும் வெடித்திருந்தது. மூடி அழுத்தத்தைக் காத்தால்தான் 100 டிகிரியைக் கடந்தும் நீர் கொதிக்காமல் நிற்கும்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, கூரையிலிருந்து பிடித்த மழைநீருடன் கூலன்ட் கலந்து ஊற்றச் செய்தோம். இஞ்சின் கைப்புத்தகத்தில் குறித்திருந்த 82 டிகிரித் தெர்மாஸ்டாட்டையே வாங்கினார்கள். மாட்டுமுன் அதை நூலில் கட்டி, அடியில் தொடாமல் நீர்ச்சட்டியில் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் காய்ச்சிப் பார்த்தோம். 83-ல் இமை திறப்பதுபோல் அசைந்தது. காரியதரிசி அதை இருமுறை பார்த்தார்.

லாரி இப்போது கொதிப்பதில்லை. ஆனால் தேய்ந்தது தேய்ந்ததுதான். சிலிண்டர் வேலைக்கான மதிப்பீடு அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் முன் வருகிறது.