ஆறாத நீர்க்கடுப்பும் மான்கொம்புக் கல்லும்

பொரளைச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி, கையில் ஒரு பையுடன் ஆசுபத்திரிக்கு வழி கேட்கும் வன்னி முகங்களைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். அந்தப் பைக்குள் நாலைந்து ஊர்களின் மருந்துத் துண்டுகள் இருக்கும். ஒருமுறை ஒரு தாய் தன் பையைத் திறந்து காட்டினார். மூன்று வருடத்தில் ஏழு தடவை நீர்க்கடுப்பு. ஏழு தடவையும் மாத்திரை, சில நாள் சுகம், பிறகு அதே எரிவு. இடம் மாறிக்கொண்டே இருந்தபடியால், ஏழு துண்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எந்த வைத்தியருக்கும் வாய்க்கவில்லை. இறுதியில் ஸ்கான் எடுத்தபோது இடப்பக்கச் சிறுநீரகம் நிறையக் கல்.

"எனக்கு ஒருநாளும் கல்லுக் குத்து வந்ததில்லையே, சுவாமி" என்றார் அவர்.

கல் என்றதும் நம்மவர் கிணற்றுத் தண்ணீரையே குற்றம் சொல்வார்கள். வழமையாகக் காணும் கற்களில் பெரும்பாலானவை கல்சியம் ஒட்சலேற்றால் ஆனவை. வெயிலில் வேலை செய்து, தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்கு அவை வரும் வாய்ப்பு அதிகம். சிறு கல் நழுவிக் குழாயில் சிக்கினால் ஆளைத் துடிக்க வைத்துவிடும். இந்தத் தாயின் கல்லோ வேறு சாதி. இங்கே முதலில் வந்தது கிருமி. கல்லைக் கட்டியதும் அதுவே.

அது எப்படி என்பது மாடு வளர்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். நமது சிறுநீரில் யூரியா இருக்கிறது. வயலுக்கு எறியும் யூரியாவும் இதுவும் ஒரே பொருள்தான். (போர்க்காலத்தில் வடக்கிற்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்டிருந்த அதே யூரியா!) மாட்டுக்கொட்டிலில் காலையில் மூக்கைத் துளைக்கும் நெடி, மண்ணிலும் சாணத்திலும் உள்ள பற்றீரியாக்கள் யூரியாவை உடைப்பதால் எழும் அமோனியா. குடலில் வாழும் புரோட்டியஸ் போன்ற சில பற்றீரியாக்கள் சிறுநீர்ப் பாதையில் ஏறிவிட்டால், அதே வேலையை உடம்புக்குள் செய்கின்றன. அமோனியா பெருகச் சிறுநீர் காரத்தன்மை அடைகிறது. அதில் ஏற்கெனவே கரைந்துள்ள மக்னீசியமும் பொஸ்பேற்றும் அமோனியாவுடன் சேர்ந்து பளிங்காகப் படிகின்றன.

இந்தப் பளிங்கை 1845இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஒரு தேவாலயத்திற்கு அத்திவாரம் தோண்டியபோது, புதையுண்டு கிடந்த பழைய எருவுக்குள் கண்டெடுத்தார்கள். ஸ்ட்ருவ என்ற பிரபுவின் பெயரால் அதற்கு ஸ்ட்ருவைட் என்று பெயர் வைத்தார்கள். எருக்குழியில் விளைவது சிறுநீரகத்திலும் விளைகிறது!

வழமையான கல் மெதுவாக வளரும். இதுவோ சில கிழமைகளில், சில மாதங்களில் பருத்து, சிறுநீரகத்தின் உட்கிளைகளையெல்லாம் நிரப்பி, மான்கொம்பு போன்ற வடிவம் எடுத்துவிடும். இடம் பெயராமல் அங்கேயே உட்கார்ந்து வளர்வதால் பலருக்குக் குத்து வருவதில்லை. அலுப்பு, இடுப்பில் ஒரு பாரம், திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு, நெடியடிக்கும் கலங்கல் சிறுநீர் என்பவையே அறிகுறிகள். கவனியாது விட்டால் சிறுநீரகம் பழுதாகும். கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

மாத்திரை ஏன் முற்றாகக் குணமாக்கவில்லை? கிருமி கல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. மருந்து சிறுநீரில் உள்ள கிருமியைக் கொல்லும், கல்லின் உள்ளே போதியளவு செல்லாது. மருந்து முடிந்ததும் உள்ளிருப்பவை வெளியே வரும். வாழைத்தண்டுச் சாறும் பார்லித் தண்ணீரும் இந்தக் கல்லைக் கரைக்கமாட்டா. கல்லை முழுமையாக அகற்றவேண்டும். பெரும்பாலும் முதுகுப் பக்கம் சிறு துளையிட்டு, உடைத்து எடுக்கிறார்கள். ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அது மீண்டும் வளரக்கூடும் என்பதால், பின்னர் கிளினிக்குக்குப் போவதை நிறுத்தக்கூடாது.

பெண்களுக்குச் சிறுநீர் வழி குறுகியது, ஆகவே கிருமி எளிதில் ஏறும். முகாம்களில் வாழ்ந்த பெண்களுக்கு மேலதிகக் காரணத்தை நான் சொல்லத் தேவையில்லை. மலசலகூடம் தூரம், வெளிச்சம் இல்லை, வரிசை நீளம். இரவில் போகப் பயந்து மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டு கிடந்தார்கள். இதனைப் பெண்களின் கூச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. மலசலகூடத்தை எங்கே கட்டுவது என்று முடிவு செய்யும் கூட்டங்களில் பெண்களும் இருக்கவேண்டும்.

போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, கதீற்றர் குழாயுடன் வாழ்வோர் நம்மிடையே பலர். குழாயின் உள்ளே வெள்ளை மாப் படிந்து அடிக்கடி அடைபட்டால், அதே கிருமி வேலை செய்கிறது என்று சந்தேகிக்கவேண்டும். குழாயை மாற்றுவதோடு நின்றுவிடாமல் ஸ்கானும் கேளுங்கள். சிறுநீர்ப் பாதையில் பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கும் இந்தக் கல் வரலாம். குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

எல்லா நீர்க்கடுப்பும் கல்லாகாது. ஆனால் ஆறு மாதத்தில் இரண்டாவது தடவையோ, ஒரு வருடத்தில் மூன்றாவது தடவையோ வந்தால் பாமசியில் மாத்திரை வாங்கிப் போடவேண்டாம். மருந்து தொடங்குமுன் சிறுநீரைக் கொடுத்து, எந்தக் கிருமி என்று கல்ச்சர் பரிசோதனை செய்விக்கவேண்டும். தந்த மருந்தை, எரிவு நின்றுவிட்டது என்று இடையில் விடக்கூடாது. குளிர் நடுக்கத்துடன் காய்ச்சலும் விலாவில் நோவும் இருந்தால் அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போகவேண்டும். கர்ப்பிணிகள் சிறு எரிவுக்கும் காத்திருக்கக்கூடாது.

அனுராதபுரம், வவுனியாப் பக்கங்களில் விவசாயிகளைத் தாக்கும், காரணம் இன்னும் முற்றாகத் துலங்காத சிறுநீரக நோய் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிப் பயப்படவேண்டாம்.

அந்தத் தாயின் ஏழு துண்டுகளையும் திகதிப்படி அடுக்கி, ஒரு கொப்பித் தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். நீங்களும் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி வையுங்கள். திகதி, ஊர், என்ன வருத்தம், என்ன மருந்து, எத்தனை நாள் என்று எழுதி, கிளினிக் அட்டையையும் ஸ்கான் துண்டையும் அதோடு பொலித்தீன் பைக்குள் இட்டு, அடையாள அட்டை வைக்கும் இடத்திலேயே வையுங்கள். வைத்தியரிடம் போனதும் முதலில் அதை நீட்டுங்கள்.