உஷார்! சின்னா, பாப்பிலானா? அட்வான்ஸ் அனுப்பும் முன் படியுங்கள்

பக், பொமரேனியன், ஷிட்ஸு எல்லாம் எதிர் ஃப்ளாட்டிலேயே இருக்கின்றன. "நம் வீட்டுக்கு யாரிடமும் இல்லாத குட்டி நாய் வேண்டும்" என்று தேட ஆரம்பித்தால், ஜப்பானீஸ் சின், பாப்பிலான் என்ற இரண்டு பெயர்கள் சீக்கிரமே கண்ணில் படும். இரண்டும் கைக்கு அடக்கம். பட்டு மாதிரி முடி. வெள்ளை உடம்பில் கறுப்போ பழுப்போ திட்டுகள். எடை 5 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். படத்தைப் பார்த்து மயங்கி ஜிபேவைத் திறப்பதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். இந்த இரண்டில் ஒன்றுக்கு நம் ஊர் வெயில் எமன். இன்னொன்றுக்கு உங்கள் வீட்டு சோபாவே எமன்.

சின்: மூக்கைப் பாருங்கள்

சின் அமைதியான நாய். அதிகம் ஓடாது, அதிகம் குரைக்காது, பூனை மாதிரி முகத்தைக் காலால் துடைத்துக்கொள்ளும். அபார்ட்மென்ட்டுக்கு இதைவிடப் பொருத்தமான நாய் உண்டா என்று தோன்றும். ஆனால், அதற்குத் தட்டை மூக்கு.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மூக்கும் தொண்டையும் குறுகிய நாய் எவ்வளவு இரைத்தாலும் சூடு போதுமான அளவு இறங்காது. காற்றில் ஈரம் மிகுந்த சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. 106-ஐத் தொட்டால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். கத்திரி வெயிலில் மதியம் கரண்ட் போய், வீட்டில் ஆளும் இல்லையென்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

நாக்கு அடர் சிவப்பாவது, எச்சில் கெட்டியாக வழிவது, தள்ளாட்டம், வாந்தி... இவை தெரிந்தால் தாமதிக்காதீர்கள். குழாய்த் தண்ணீரை உடம்பில் ஊற்றி, ஃபேன் காற்றில் நிறுத்தி, உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஈரத்துண்டால் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும்.

தமிழக அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இங்கே இனப்பெருக்கம் செய்யக்கூடாதவை என்று பக், ஃபிரெஞ்ச் புல்டாக் உள்ளிட்ட இனங்களைப் பட்டியலிட்டது. "அதில் சின் இல்லையே சார்" என்பார் விற்பவர். பட்டியலில் இல்லாததால் மூக்கு நீண்டுவிடாது!

கண்ணும் கவனம். முட்டைக் கண் வெளியே துருத்தி நிற்பதால் செடி முள், பூனை நகம் எது பட்டாலும் விழிப்படலம் கிழியும். கழுத்து இறுகினால் அந்தக் கண் பிதுங்கலாம் என்பதால், கழுத்துப்பட்டையில் சங்கிலி மாட்டி இழுக்கவே கூடாது. மார்போடு சேர்த்து மாட்டும் ஹார்னஸ்தான் சரி.

பாப்பிலான்: காலைப் பாருங்கள்

விரித்த வண்ணத்துப்பூச்சிச் சிறகு போன்ற காதுகள்தான் பாப்பிலானின் அடையாளம். மூக்கு நீளமாக இருப்பதால் மூச்சுத் தொல்லை குறைவு. வெயிலில் நடக்க விடாமல் பார்த்துக்கொண்டால் நம் ஊரில் சமாளித்துவிடும். மகா புத்திசாலி. உளவியலாளர் ஸ்டான்லி கோரன் 1994-ல் வெளியிட்ட கீழ்ப்படிதல் தரவரிசையில் முதல் 10 இனங்களுக்குள் வந்த குட்டி நாய் இது.

அந்தப் புத்திக்கு வேலை கொடுக்காவிட்டால் குரைத்தே அபார்ட்மென்ட் அசோசியேஷனைக் கூட்டிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, முன்னங்கால் எலும்பு. பென்சில் கனம்கூட இருக்காது. சோபாவிலிருந்து டைல்ஸ் தரையில் குதித்தாலே முறியலாம். இவ்வளவு சிறிய நாய்களுக்கு அந்த எலும்பில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால், கட்டுப் போட்டாலும் சேராமல் பிளேட் வைக்க வேண்டிவரும். தூக்கிக் கீழே போடும் வயதில் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். சின்னும்தான்.

இரண்டுக்கும் பொதுவான கண்டங்கள்

பின்னங்காலின் முழங்கால் சில்லு நழுவுவது இரண்டு இனத்திலும் அடிக்கடி வரும் பரம்பரைக் கோளாறு. நடக்கும்போது திடீரென ஒரு காலைத் தூக்கி நொண்டினால் அதுவாக இருக்கலாம். மருத்துவர் கையால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். பணம் கொடுப்பதற்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.

குட்டியாக இருக்கும்போது சில மணி நேரம் சாப்பிடாவிட்டாலே சர்க்கரை இறங்கி மயங்கிவிழும். இரண்டு பேரும் வேலைக்குப் போய், இரவில்தான் திரும்பும் வீடு என்றால் முதல் சில மாதங்களுக்கு ஆள் வேண்டும்.

நம் சமையலறையும் ஆபத்துதான். சாம்பார் வெங்காயமும் பாயசத்துத் திராட்சையும் நாய்களுக்கு விஷம். 3 கிலோ நாய்க்குக் கொஞ்சம் போனாலே போதும்.

விற்பவரிடம் உஷார்!

தெருவில் இன்னொரு பாப்பிலான் இல்லாததால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. காது நிமிராத வயதில் பொமரேனியன் கலப்புக் குட்டியையும் பாப்பிலான் என்று தள்ளிவிடலாம்.

"ஜப்பானிலிருந்து இறக்குமதி" என்றால் இரட்டிப்பு எச்சரிக்கை. இனப்பெருக்க வியாபாரத்துக்காக வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வதற்கு 2016-லேயே மத்திய அரசு தடை விதித்தது. ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

"வெளியூரில் இருக்கிறது, ஃப்ளைட்டில் அனுப்புகிறோம்" என்று அட்வான்ஸ் வாங்கி, பிறகு இன்ஷூரன்ஸ், கூண்டு வாடகை, விமான நிலையக் கட்டணம் என்று கறந்துகொண்டே போவது பழகிப்போன மோசடி. நாயே இருக்காது, படம் மட்டும்தான். தட்டை மூக்கு நாய்களை ஏற்றப் பல விமான நிறுவனங்கள் மறுக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

நேரில் போங்கள். தாய் நாயைப் பாருங்கள். காட்ட மறுத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். 2017-ம் ஆண்டு விதிகளின்படி பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. தடுப்பூசி அட்டை, கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் (கேசிஐ) சான்றிதழ், மைக்ரோசிப் எண் மூன்றும் ஒரே குட்டியுடையவைதானா என்று சரிபாருங்கள். சிப் ரீடர் வைத்திருக்கும் மருத்துவரிடம் காட்டினால் ஒரு நிமிட வேலை.

எது உங்களுக்கு?

வளர்ந்த பிள்ளைகள், தினமும் விளையாட நேரம், வழுக்காத தரைவிரிப்பு... இவை இருந்தால் பாப்பிலான். நாள் முழுக்க வீட்டில் ஒரு பெரியவர், ஏ.சி., இன்வெர்ட்டர் மூன்றும் உறுதியென்றால் மட்டும் சின். ஊட்டி, கொடைக்கானல் வாசிகளுக்கு வெயில் கவலை குறைவு, மற்ற எச்சரிக்கைகள் அப்படியே. இரண்டு கணக்கிலும் வராத வீடு என்றால் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். நம் வெயிலுக்கும் தெருவுக்கும் பழகிய நாட்டுக்குட்டி ஒன்றை எடுத்து வளர்த்தால் உங்களுக்கும் நிம்மதி, அதற்கும் வாழ்வு.