அலையை அளந்தவர்கள் கண்டது

“கடவுளின் சோதனை” என்றனர் சிலர். “கலி முற்றிவிட்டது” என்றனர் வேறு சிலர். 2004 டிசம்பர் 26-ல் சுமத்ராவை அடுத்த கடலடி நிலம் உடைந்து, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களை ஆழிப்பேரலை வாரிச் சென்றதே, அப்போது கேட்ட பல்லவி இது. நாகையில் மாண்ட மீனவன் செய்த பாவம் என்ன, இலங்கைக் காலியில் மாண்ட கூலிக்காரன் செய்த பாவம் என்ன என்று கேட்டால் பல்லவி பாடியவர்கள் வாய் திறப்பதில்லை.

விடை தேடி வேறு சிலர் வந்தார்கள். இரண்டே வாரத்தில் அமெரிக்காவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் விஞ்ஞானிகள் இலங்கைக் கரையில் இறங்கினர். இலங்கை விஞ்ஞானிகளும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர்.

ஏன் இந்த அவசரம்? தோழர்களே, அலை தன் அடையாளத்தை விட்டுச் செல்கிறது. சுவரில் சேற்றுக் கறை, மரக்கிளையில் சிக்கிய குப்பை, வயலில் படிந்த கடல் மணல். ஒரு மழை பெய்தால் கறை போய்விடும். இடிபாட்டை வாரி ஒதுக்கினால் சுவரே போய்விடும். அதற்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறிற்று, எவ்வளவு தூரம் உள்ளே புகுந்தது என்று அளந்தாக வேண்டும். எத்தனை அலை வந்தது, எது பெரிது என்பதை உயிர் பிழைத்த ஊர்க்காரர்தான் சொல்ல வேண்டும். பட்டம் பல பெற்ற பேராசிரியர் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ள வேண்டும்!

பல நாட்டார் கூடி இப்படி அளக்கும் வழக்கம் 1992-ல் நிகரகுவாவில் அலை அடித்தபோது உருவாயிற்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை அந்நாட்டுக் கலகப் படைக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க அரசு. அதே அமெரிக்காவின் விஞ்ஞானிகள் ஜப்பானியரோடும் நிகரகுவா நாட்டாரோடும் நின்று அந்தக் கரையை அளந்தார்கள். ஆட்சியாளர் வேறு, அறிவாளர் வேறு என்பதை நாம் மறக்கக் கூடாது.

இலங்கையில் அவர்கள் கண்டது என்ன? ஒரே தீவு, ஒரே நாள். சில இடங்களில் தண்ணீர் 3 மீட்டர்கூட ஏறவில்லை. வேறு சில இடங்களில் 12 மீட்டரையும் தாண்டிற்று. யாலாவில் ஓர் உல்லாச விடுதி. விருந்தினர் கடலைக் கண்டு களிப்பதற்கு முன்னால் நின்ற மணல்மேடு இடைஞ்சலாம், அகற்றிவிட்டார்கள். அந்த இடைவெளி வழியே அலை புகுந்தது, விடுதி அழிந்தது. மனிதன் கை வைக்காத மேடுகள் பக்கத்திலேயே நின்றன.

பெரேலியாவில் நடந்தது இதைவிடக் கொடுமை. அங்கேதான் ரயிலை அலை புரட்டிப் போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தண்ணீர் ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே சென்றது. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹிக்கடுவையில் அலை ஐம்பது மீட்டரளவில் நின்றுவிட்டது. பெரேலியாக் கடலில் பவளப்பாறையைச் சட்டத்தை மீறி வெட்டி எடுத்திருந்தார்கள். ஹிக்கடுவையில் பாறை பிழைத்திருந்தது என்று ஆய்வாளர் எழுதினர். ஹிக்கடுவைப் பாறையைக் காத்தவர்களும் விடுதிக்காரர்கள்தாம், பாறை பார்க்க வரும் பயணிகளின் பணத்துக்காக! லாபம் ஓரிடத்தில் மேட்டை இடித்தது, இன்னோரிடத்தில் பாறையைக் காத்தது. ஏழையின் உயிரை இப்படி முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் தொங்க விடலாமா?

அலை இலங்கையை எட்ட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. கரையில் ஓர் எச்சரிக்கைகூட இல்லை. பசிபிக் கடலுக்கு 1949-லேயே ஹவாயில் எச்சரிக்கை நிலையம் அமைந்தது. இந்துமாக்கடலுக்கு 2004 வரை ஒன்றும் அமையவில்லை. 2007-ல் ஐதராபாத்தில் நம் நாட்டு நிலையம் வந்தது. 2011 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இக்கடலோர நாடுகளுக்கு எச்சரிக்கை அனுப்பத் தொடங்கின.

நிலையம் செய்தி அனுப்பும். மணல்மேட்டைக் காவல் காக்காது. கடற்கரையைக் காக்கும் விதிகள் 1991 முதல் ஏட்டில் இருக்கின்றன. உங்கள் ஊர் மேட்டில் மணல் லாரி நிற்கிறதா? கடலோரக் கிளைத் தோழர்கள் பார்த்து நமக்கு எழுதுங்கள். ஊர்ப் பெயரோடு வெளியிடுகிறோம்.