புரோகிராம் வந்தாச்சு... எழுதினவர் பெயர் எங்கே?

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ அரை கிரவுண்டு மனை வாங்கப் போனால் முதலில் என்ன கேட்போம்? வில்லங்கச் சான்று. யார் யாருக்கு எப்போது விற்றார்கள் என்ற வரிசை அதில் இருக்கும். நடுவில் ஒரு கை விட்டுப்போயிருந்தால் அட்வான்ஸ் கொடுக்கவே மனசு வராது.

1960-களில் தொழிற்பேட்டையாகத் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்று லேத் பட்டறைகளோடு ஐ.டி. கட்டடங்களும் நிற்கின்றன. அங்கே ஷிஃப்ட் முடித்து ஷேர் ஆட்டோ பிடிக்கும் பிள்ளைகளின் வேலைக்கும் ஒரு வில்லங்கச் சான்று உண்டு. புரோகிராமில் எந்த மாற்றத்தை யார், என்றைக்கு, எதற்காகச் செய்தார் என்று பதிந்துவைக்கும் மென்பொருள்தான் அது. ஒவ்வொரு பதிவுக்கும் ‘கமிட்’ என்று பெயர். முன்பு பல அலுவலகங்களில் ‘சப்வெர்ஷன்’ இருந்தது. பிறகு ‘கிட்’டுக்கு மாறினார்கள். வீடு மாற்றும்போது பீரோ பத்திரமாக வந்துவிடும், சாவி காணாமல் போகும் இல்லையா? அந்தக் கதைதான்.

சப்வெர்ஷன் பதிவில் ‘குமார்2’ மாதிரி ஒரு லாகின் மட்டும்தான் இருக்கும். கிட்டுக்குப் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். எந்த லாகின் யாருடையது என்று பட்டியல் கொடுக்காமல் மாற்றினால், லாகினோடு நீளமான எண் ஒன்றை ஒட்டி ஒப்புக்கு ஒரு மின்னஞ்சல் உருவாகிவிடும். எட்டு வருஷம் உழைத்தவரின் பெயரைத் தேடினால் ஒன்றும் வராது. அப்ரைசல் நேரத்தில் இது சின்ன விஷயமா? நேரமும் உலக நேரத்துக்குப் போய், காலை 11 மணி வேலை அதிகாலை 5.30 என்று நிற்கும்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் கெர்னலை ‘பிட்கீப்பர்’ மென்பொருளிலிருந்து, தானே எழுதிய கிட்டுக்கு மாற்றினார். பழைய வரலாறு கையில் இருந்தும், சுமார் 3.2 ஜி.பி. ஆகிறது என்று விட்டுவிட்டார். இதனால், யாரோ எழுதிய பழைய வரிகளுக்கெல்லாம் இன்றும் அவர் பெயரே வருகிறது! பிறகு தாமஸ் க்ளைக்ஸ்னர் அந்தப் பழைய வரலாற்றைத் தனிக் களஞ்சியமாகத் தொகுத்தார். வேண்டியவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் ‘கிட் ரீப்ளேஸ்’ மூலம் இரண்டையும் ஒட்டுப்போட்டுப் பார்க்கலாம்.

பெயர்க் குழப்பம் மட்டும்தான் என்றால் ‘மெயில்மேப்’ என்ற சின்ன ஃபைல் போதும். இந்த லாகின் இன்னாருடையது என்று அதில் எழுதிவைத்தால் பார்க்கும்போது சரியான பெயர் தெரியும்; பழைய பதிவில் கை வைக்காது. என்னைக் கேட்டால் முக்கால்வாசிப் பேருக்கு இதுவே போதும்.

பதிவையே திருத்த ‘ஃபில்டர் ரெப்போ’ இருக்கிறது. ஆனால் ஒரு கமிட்டின் அடையாள எண், அதற்கு முந்தைய கமிட்டின் எண்ணையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. 2009 பதிவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பிந்தைய எண்கள் அத்தனையும் மாறிவிடும். டீமில் எல்லோரும் பழைய பிரதியைத் தூக்கிப்போட்டுப் புதிதாக இறக்க வேண்டும். ஒருவர் மறந்து பழையதிலிருந்து அனுப்பினாலும் இரண்டு வரலாறும் கலந்துவிடும்.

அதனால் மாற்றும் முன்பே பிரதி எடுத்து ஒத்திகை பாருங்கள். பழைய சர்வரை அழிக்காமல், படிக்க மட்டும் முடிகிற மாதிரி வையுங்கள். முக்கியமாக, ‘குமார்2’ யாரென்று தெரிந்த சீனியர் ராஜினாமா கடிதம் நீட்டுவதற்குள் அந்தப் பட்டியலை எழுதி வாங்கிவிடுங்கள்.