சாதாழைக்குள் என்ன இருக்கிறது?

நண்டு வலையை உதறும்போது அதில் சிக்கிய சாதாழையை வாப்பா குப்பையென்று கரையில் எறிந்துவிடுவார். ஒரு நாள் அதில் ஒரு பிடியை எடுத்து, கடல்நீர் நிறைத்த பேசினில் போட்டேன். சற்று நேரத்தில் நகமளவு இறால்களும் அரிசிமணி போன்ற சங்குகளும் இலைகளுக்குள்ளிருந்து வெளியே வந்தன.

நாங்கள் பாசி என்று நினைக்கும் இந்தக் கடற்புல், வேரும் பூவும் உள்ள தாவரம். வெயில் அடிவரை எட்டும் ஆழங்குறைந்த கடலில்தான் செழிக்கும். நெருங்கி நிற்கும் இலைகள் நீரோட்டத்தைத் தணிக்கும். வேர்கள் மணலைப் பிடித்து வைக்கும். இலைமேல் வழுவழுப்பாகப் படியும் நுண்பாசிதான் சங்குகளுக்கும் இறால் குஞ்சுகளுக்கும் இரை. துரத்தி வரும் மீனுக்கு அவை இலைமறைவில் எளிதில் அகப்படா. வெறும் மணலில் ஒளிய ஏது இடம்? நாங்கள் ஆணமாக்கும் இறால், நண்டு, ஒரா மீன் பலவும் குஞ்சுப் பருவத்தை இங்கேதான் கழிக்கின்றன. கடற்பசுவுக்கோ இந்தப் புல்லே மேய்ச்சல்.

இழுவைமடி அடியை வழித்துப் போனால் புல் வேரோடு பெயரும். கிளம்பும் சேறு, மிஞ்சிய புல்லுக்கும் வெயிலை மறைக்கும். இலங்கையில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் அத்தொழிலைத் தடைசெய்தது. ஆனாலும் நம் வடகடலில் அது நின்றபாடில்லை. அக்கரையில் தமிழ்நாடு, 2022இல் பாக்கு விரிகுடாவின் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. புல்லைக் காக்காமல் பசுவைக் காக்க முடியாதல்லவா?

பேசினைப் பார்த்த வாப்பா அன்று ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வலையைத் தோணியில் வைத்தே உதறுகிறார். "குஞ்சு குருமான் பிழைச்சுப் போகட்டும்" என்கிறார்.