மலை ஓட்டம்

மலை ஓட்டம் என்பது விளையாட்டரங்கின் ஓடுபாதையையும் நகரச் சாலைகளையும் விட்டு விலகி, மலைச்சரிவுகளிலும் ஒற்றையடிப் பாதைகளிலும் ஏறி இறங்கி ஓடும் விளையாட்டு ஆகும். வட இங்கிலாந்தில் இது ஃபெல் ஓட்டம் என அழைக்கப்படுகிறது. ஃபெல் என்பது அப்பகுதியில் குன்றைக் குறிக்கும் பழைய நார்சு மொழிவழிச் சொல்லாகும். தமிழ்நாட்டில் இதற்கான பயிற்சிக்கு ஏற்ற இடங்களுள் சேலம் மாவட்டத்தின் ஏற்காடும் அதனைச் சூழ்ந்த சேர்வராயன் மலையும் அடங்கும்.

வரலாறு

1932 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் பாப் கிரகாம் என்பவர் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் 42 குன்றுகளை 24 மணி நேரத்துக்குள் ஏறி இறங்கினார். இவ்வழியின் நீளம் ஏறத்தாழ 106 கி.மீ.; மொத்த ஏற்றம் சுமார் 8,200 மீட்டர். 1960 ஆம் ஆண்டு வரை வேறெவராலும் இதனை மிஞ்ச முடியவில்லை. இன்றும் நெடுநாள் மலை ஓட்டத்திற்கு இதுவே அளவுகோலாகக் கருதப்படுகிறது.

சேர்வராயன் மலை

இது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீ. உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீ. உயரத்திலும் உள்ளன. சேர்வராயன் கோயில் அமைந்துள்ள உச்சி 1,623 மீ. ஆகும். சேலத்திலிருந்து செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வாகனங்களுக்காக அமைக்கப்பட்டதால் அதன் சாய்வு மிதமானது. ஓடத் தொடங்குவோருக்கு ஏற்றது. ஆயினும் வளைவுகளில் பேருந்துகள் திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் தேவைப்படுவதால் விடியற்காலையில் ஓடுவதே நல்லது.

மலைச் சிற்றூர்களை இணைக்கும் ஒற்றையடிப் பாதைகள் இதைவிடச் செங்குத்தானவை. இவை மலையாளிப் பழங்குடியினர் நெடுங்காலமாக நடந்து உருவாக்கியவை. (இப்பெயர் கேரள மக்களைக் குறிப்பதன்று.)

நேரக் கணக்கு

இசுக்காட்லாந்தைச் சேர்ந்த நெய்சுமித் 1892 இல் மலைநடைக்கு ஒரு விதியைத் தந்தார். ஒவ்வொரு 5 கி.மீ. தொலைவுக்கும் ஒரு மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீ. ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம் என்பது அதன் சாரம். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கி.மீ.; ஏற்றம் சுமார் 1,200 மீ. எனவே நடப்பவருக்கு 6 + 2 = 8 மணி நேரம் ஆகும். ஓடுபவருக்கு நேரம் குறையும். ஆனால் ஏற்றத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்கவேண்டும் என்பது அவருக்கும் பொருந்தும். இதனை மறந்து திட்டமிடுவோர் திரும்பும் வழியில் இருட்டில் சிக்கிக்கொள்கின்றனர்.

பயிற்சி

ஏற்றம் மூச்சைச் சோதிக்கிறது; இறக்கம் தசைகளைச் சோதிக்கிறது. இறங்கும்போது தொடையின் முன்தசைகள் நீண்டுகொண்டே இழுவிசையைத் தாங்கவேண்டியுள்ளது. இதனால் தசைநார்களில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் வலி உச்சமடைகிறது. ஒருமுறை மிதமாக இறங்கிப் பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் குறைவாகவே சேதமடைகிறது. ஆகவே ஓடி ஏறிவிட்டுப் பேருந்தில் இறங்கும் வழக்கமுடையோர் பயிற்சியின் பாதியையே பெறுகின்றனர். செங்குத்தான ஏற்றங்களில் தேர்ந்த ஓட்டக்காரர்களும் தொடையில் கைகளை ஊன்றி நடப்பதுண்டு, அது குறைவன்று.

நெடுநேர ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்பிட்ட மோர் ஆகியன போதுமானவை. தாகத்துக்கு மிகுதியாக வெறும் நீரைக் குடித்தால் குருதியில் சோடியம் குறைந்து மயக்கமும், அரிதாக உயிரிழப்பும் நேரலாம். உயரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 பாகை செல்சியசு வெப்பத்தைக் குறைப்பதால், ஏற்காட்டிலிருந்து இறங்குபவர் களைத்த நிலையில் ஏறத்தாழ 8 பாகை கூடுதல் வெப்பத்துக்குள் செல்கிறார். வெப்பத்தாக்குக் குறித்த எச்சரிக்கை இறக்கத்துக்கே அதிகம் தேவை.

பாதுகாப்பும் அனுமதியும்

2018 மார்ச்சு 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல் மூடிய சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து பரவும். அதனை ஏறி ஓடித் தப்புவது கடினம். அதன்பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2024 அக்டோபரில் மாநில அரசு 40 மலையேற்றத் தடங்களை முன்பதிவு முறையில் திறந்தது.

சேர்வராயன் மலையில் காப்புக்காடுகளுக்கு வனத்துறையின் அனுமதியும், காப்பித் தோட்டங்களுக்கு உரிமையாளரின் இசைவும் தேவை. காட்டெருமைகள் தோட்டங்களுக்குள்ளும் வருவதுண்டு. எதிர்ப்பட்டால் ஓடாமல் பின்வாங்கி வழிவிடுதல் வேண்டும்.